சும்மா இருக்கும் வேலை

லடாக் போய் வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால் பாங்காங் ஏரியின் நீலத்தைச் சொல்வார்கள். கர்துங் லா கணவாயில் எடுத்த படத்தைக் காட்டுவார்கள். லே நகரத்தில் இறங்கிய முதல் இரண்டு நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். "அதை விடுங்க, ரூமிலேயே கிடந்தோம். ரெண்டு நாள் வேஸ்ட்" என்பார்கள். விமானக் கட்டணம், விடுதி வாடகை, அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து வரும் சலிப்பு அது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் குடும்பத்தோடு நானும் அந்த மலைநாட்டுக்குப் போய்வந்தேன். என் கணக்கு வேறு. அந்தப் பயணத்தில் உருப்படியான வேலை நடந்தது, நாங்கள் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடந்த நாட்களில்தான். அது என்ன வேலை என்று விளங்கிக்கொண்ட பிறகு, என் வயதுக்காரர்கள் பலர் நொந்துகொள்ளும் 'காத்திருப்பு' என்ற விஷயமே எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் உடம்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். டெல்லி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 அடி உயரம். லே சுமார் 11,500 அடி. இடையில் விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் கீழேயும் மேலேயும் ஒன்றுதான், 21 சதவீதம். ஆனால் மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் லேயில் இழுக்கும் ஒரு மூச்சில், சமவெளியில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

இதைச் சமாளிக்க உடம்பு முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விட்டால் ஆக்ஸிஜன் கூடும். கூடவே கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். அது ஏறியதும் மூச்சைக் குறைக்கச் சொல்லி மூளைக்குச் செய்தி போகும். ஒரு பக்கம் ஆக்ஸிஜன் போதாது என்று முடுக்கல், இன்னொரு பக்கம் காரம் அதிகம் என்று பிரேக். இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். கூடுதல் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியே தள்ளும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதன் பிறகுதான் பிரேக் தளர்ந்து மூச்சு சீராகும். மலைக்குப் போகிறவர்கள் வாங்கிவைத்துக்கொள்ளும் அசிட்டாசோலமைடு மாத்திரையும் சிறுநீரகத்தின் இந்த வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்க எலும்பு மஜ்ஜைக்கு முதல் நாளே உத்தரவு போய்விடும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

ஆக, கட்டிலில் படுத்திருக்கும் மனிதனுக்குள்ளே நுரையீரல், மூளை, சிறுநீரகம், மஜ்ஜை எல்லாமே வேலை செய்துகொண்டிருக்கின்றன. சும்மா இருப்பதுபோலத் தெரிவது வெளியே நின்று பார்ப்பவருக்குத்தான்.

எங்கள் விடுதியை நடத்திய அம்மாவுக்கு இந்த மருத்துவமெல்லாம் தெரியுமோ என்னவோ, செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. காலையிலும் மாலையிலும் வந்து இரண்டே கேள்வி கேட்பார்: "தலைவலி இருக்கா? சாப்பாடு இறங்குதா?" வெந்நீரும் துக்பா என்ற சூடான நூடுல்ஸ் சூப்பும் கொண்டுவந்து வைப்பார். கல்லூரியில் கால்பந்து ஆடும் என் பேரனுக்கு இது பொறுக்கவில்லை. "தாத்தா, நீங்க ரெஸ்ட் எடுங்க, எனக்கு ஸ்டாமினா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்திறங்கிய அன்று மாலையே குன்றின்மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபிக்குச் சுமார் ஐந்நூறு படி ஏறிப்போனான். இரவு தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான்.

அவனைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. உடல்வலு மலைநோயிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். வயதானவர்களுக்கு அது அதிகமாக வரும் என்றும் இல்லை. இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே கிளம்ப வேண்டும். அது தனி விஷயம். மற்றபடி, எவ்வளவு உயரம், எவ்வளவு வேகத்தில், எங்கே தூங்குகிறோம் என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. வலு உள்ளவனுக்கு வேகமாகப் போக முடிகிறது. ஆபத்தும் அங்கேதான் வருகிறது.

நம் ராணுவம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த வீரர்களை, பழகிக்கொள்ள நேரம் தராமல், அவசரமாக மலைமேல் அனுப்ப வேண்டிவந்தது. எதிரியின் குண்டு படாமலேயே பலர் உயரத்தால் நோயுற்றார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1,925 வீரர்களின் நிலையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1969-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. இன்று மலையேறும் படைப்பிரிவுகளுக்குக் கறாரான அட்டவணை உண்டு. 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், அங்கிருந்து 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னும் நான்கு நாள். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் இரண்டு நாள் ஓய்வுதான். அதிகம் போனால் சிறு நடை. பயிற்சி பெற்ற இளம் வீரனுக்கே ஆறு நாள். மேசைமுன் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போகும் நாம் ஒரு வாரத்துக்குள் மூன்று கணவாய், இரண்டு ஏரி, ஒரு பாலைவனம் என்று பட்டியல் போடுகிறோம்.

ஊருக்குத் திரும்பிய பின் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். புது உயரத்துக்கு வந்த உடம்புக்கு நாள் தருகிறோம். புது வாழ்க்கைக்கு வந்த மனிதருக்குத் தருகிறோமா? கல்யாணமாகி வந்த பெண்ணைப் பத்தாம் நாளே "இன்னும் நம்ம வீட்டுப் பழக்கம் வரலையே" என்கிறோம். பள்ளி மாறிய பிள்ளையின் முதல் தேர்வு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தலையெழுத்தையே சொல்லிவிடுகிறோம். பணி ஓய்வு பெற்றவரிடம் மறுவாரமே "அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்கிறோம். துணையை இழந்தவரிடம் மூன்றாம் மாதமே "இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்கிறோம். இவர்கள் எல்லோருமே திடீரென்று வேறு உயரத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள். வெளியே தெரியாத வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. அந்த விடுதி அம்மாவைப்போல, தினம் இரண்டு வேளை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வெந்நீர் வைத்துவிட்டுப் போனாலே போதும்.

காத்திருக்கும் கலையை லடாக் மக்கள் உடம்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. தண்ணீருக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

லேயில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனிமலைகள் சூழ்ந்த பாலைவனம் அது. பயிர் முழுக்க உருகிவரும் பனிநீரை நம்பித்தான். அதில் ஒரு சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் பார்லி விதைத்தாக வேண்டும். கோடை குறுகியது, தவறவிட்டால் அறுப்புக்கு முன் குளிர் வந்துவிடும். ஆனால் உயரத்தில் உள்ள பனியாறு ஜூன் வந்தால்தான் நன்றாக உருகத் தொடங்கும். விதைக்கும்போது தண்ணீர் இல்லை. பயிரே இல்லாத குளிர்காலத்தில் ஓடைநீர் கேட்பாரற்றுச் சிந்து நதிக்குப் போய்விடும்.

செவாங் நோர்ஃபெல் என்ற சிவில் பொறியாளர் 1980-களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்காலத்து நீரை நிழலான பள்ளத்தாக்குகளுக்குத் திருப்பி, கல்சுவர்கள் கட்டித் தேக்கி, கிராமத்துக்குச் சற்று மேலேயே உறையவைத்தார். பனியாற்றைவிடத் தாழ்ந்த இடம் என்பதால் அந்தப் பனி வசந்தத்திலேயே உருகும், விதைப்புக்கு நீர் வரும். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த எண்ணத்தை இன்னொரு பக்கம் நகர்த்தியவர் கல்விச் சீர்திருத்தவாதி சோனம் வாங்சுக். 2013–14 குளிர்காலத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் முதல் பனி ஸ்தூபியை எழுப்பினார்கள். மேட்டிலிருந்து குழாய் வழியாக ஓடைநீரைக் கீழே கொண்டுவந்தார்கள். பம்பு கிடையாது; மேட்டுநீரின் அழுத்தமே தண்ணீரை உயரத் தூக்கிப் பீய்ச்சும். உறைபனிக் குளிரில் அது விழுந்து விழுந்து கூம்பாக உறையும். தட்டில் பரப்பிய ஐஸ் சீக்கிரம் கரையும், குவித்துவைத்த ஐஸ் நின்று கரையும் அல்லவா? கூம்பு வடிவத்தில், உள்ளே இருக்கும் பனியின் அளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் நிழலே இல்லாத இடத்திலும் வசந்தம் தாண்டித் தாக்குப்பிடிக்கிறது.

வந்த நீரை எல்லோரும் முண்டியடித்துப் பாய்ச்சுவதில்லை. பல கிராமங்களில் 'சுர்பொன்' என்று ஒருவர் இருப்பார், நம் ஊர் நீர்க்கட்டி மாதிரி. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு. தன் முறை வரும்வரை பெரிய நிலக்காரரும் காத்திருக்க வேண்டும். இல்லாத காலத்துக்காகத் தண்ணீரையே நிற்கவைக்கத் தெரிந்த ஊரில் மனிதர்கள் வரிசையில் நிற்பது ஒன்றும் வியப்பில்லை.

காத்திருப்பு அவர்கள் வழிபாட்டிலும் உண்டு. லேயிலிருந்து 45 கிலோமீட்டர் தொலைவில் ஹெமிஸ் மடாலயம். ஆண்டுதோறும் கோடையில் அங்கே முகமூடி ஆட்டத் திருவிழா உண்டு. பௌத்த குரு பத்மசம்பவரின் உருவம் கொண்ட மிகப் பெரிய பட்டுத் திரை ஒன்றும் அங்கே இருக்கிறது. அதைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே விரித்துக் காட்டுவார்கள். கடைசியாக விரித்தது 2016-ல், இனி 2028. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கும்பகோணத்து மகாமகமும் 2016-ல்தான் நடந்தது, அடுத்ததும் 2028-ல்தான். இரண்டு ஊர்க் கிழவர்களும் ஒரே ஆண்டைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பார்க்கும் ஒன்றை யாரும் கைப்பேசியில் படமெடுத்த கையோடு மறந்துவிட மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே ஆபத்தாகிவிடும். காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. அதையும் மலைதான் கறாராகச் சொல்கிறது.

முதல் நாள் தலைவலி, பசியின்மை, தூக்கக் குறைவு பலருக்கும் வரும், ஓய்வில் தணியும். ஆனால் இரண்டாம் இரவோ மூன்றாம் இரவோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை, மார்பில் களகளவென்று சத்தம் கேட்கிறது என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுகிறார், பேச்சில் குழப்பம் என்றால் மூளையில் வீக்கம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. ஆக்ஸிஜன், மருந்து, மருத்துவமனை எல்லாம் உண்டு. ஆனால் அவற்றைக் காரணம் காட்டி இறங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. மலைநோயால் இறந்துபோகிறவர்களில் பலர் "இன்னும் ஒரு ராத்திரி பார்க்கலாம்" என்றவர்கள், அல்லது கூட வந்தவர்களின் பயணம் கெடக் கூடாதே என்று சொல்லாமல் மறைத்தவர்கள்.

எந்தக் காத்திருப்பு நல்லது, எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மலை மருத்துவம் கேட்பது ஒரே கேள்வி: நேற்றைக்கு இன்று தேவலையா, மோசமா? தேவலை என்றால் இருக்கலாம். அப்படியே இருந்தால் மேலே ஏறக் கூடாது. மோசம் என்றால் இறங்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். எழுபது வருஷம் வாழ்ந்து நான் சேர்த்த அறிவில் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் அதிகம் இல்லை.

நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மருமகள் பழகுவதற்கும் பிள்ளை தேறுவதற்கும் பொறுமை கிடையாது. மார்பு வலிக்கு மட்டும் அபாரப் பொறுமை. "வாயுவா இருக்கும், சோடா குடிச்சா சரியாப்போயிடும்" என்று விடியும்வரை காத்திருந்து போய்ச்சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வட்டிக்கு மேல் வட்டி ஏறும் கடனை "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று வைத்திருக்கிறோம். அடிக்கும் கணவனிடம் மகளைத் திருப்பி அனுப்பி, "நாளாக நாளாகச் சரியாகிடும்மா" என்கிறோம். நாளாக நாளாக என்ன ஆகிறது என்று யாராவது பார்த்தோமா? தேறிக்கொண்டிருப்பதற்குத்தான் காலம் மருந்து. கெட்டுக்கொண்டிருப்பதை அது இன்னும் கெடுக்கும். அங்கே பொறுமை என்று பெயர் சொல்லிக்கொண்டு நாம் செய்வது, இறங்க வெட்கப்படுவது.

இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை அந்த மலையின் பாதைகளே காட்டுகின்றன. மலைக்காரர்களின் பழைய வழக்கு, பகலில் உயரம் ஏறு, இரவில் தாழ்ந்த இடத்தில் தூங்கு என்பது. லேயிலிருந்து நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கர்துங் லா கணவாய். நெடுங்காலம் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். பின்னால் கருவிகொண்டு அளந்தவர்கள் 17,500 அடியை ஒட்டித்தான் வருகிறது என்றார்கள். அதைத் தாண்டிப் போய்த் தூங்குவது 10,000 அடி உயரத்தில், லேயைவிடத் தாழ்வாக. ஹுண்டர் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நிற்பது அங்கேதான். மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் வரை நடந்த பழைய வாணிபத்தின் மிச்சம் அவை. பாங்காங் ஏரிக்கரையோ ஏறத்தாழ 14,000 அடி. ஆகவே முதலில் நூப்ரா, பிறகு பாங்காங் என்று போவது உடம்புக்கு இதமான வரிசை. வந்த மறுநாளே பாங்காங் கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது தலைவலியை விலைக்கு வாங்குவது.

சாலைவழியே போக நேரமிருப்பவர்களுக்கு ஸ்ரீநகர்ப் பாதையைச் சொல்வேன். ஸோஜி லா கணவாய் தாண்டிக் கார்கிலில் ஒரு இரவு, சுமார் 8,800 அடி. மறுநாள் லாமாயூரு, ஆல்ச்சி மடாலயங்கள். ஆல்ச்சியில் 800, 900 ஆண்டுப் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவசரக்காரர்கள் நெடுஞ்சாலையிலேயே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மணாலிப் பாதையின் காட்சிகள் இன்னும் பிரம்மாண்டமானவைதான். ஆனால் 6,700 அடியில் இருக்கும் மணாலியிலிருந்து கிளம்பி அன்றிரவே 14,000 அடி சர்ச்சுவில் படுத்தால் தூக்கம் வருவது கடினம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியாருக்கு லடாக்கைத் திறந்துவிட்டது 1974-ல். 2011 கணக்கெடுப்பில் அங்கே வாழ்பவர்கள் 2.74 லட்சம் பேர். 2022-ல் மட்டும் வந்த பயணிகள் 5 லட்சத்துக்கு மேல். தண்ணீர் ஊற்றாமல் மண்போட்டு மூடி, அதையே உரமாக்கும் கழிப்பறை அவர்கள் மரபு. நமக்காக ஃப்ளஷ் வைத்து, ஆழ்துளைக் கிணறு தோண்டியிருக்கிறார்கள். தண்ணீரைக் கூம்பாக உறையவைத்து மிச்சம் பிடிக்கும் ஊரில், ஒரு வாளியில் குளித்துவிட்டு வருவது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் கூடுதலாக இரண்டு இரவு தங்கினால் ஜீப்பில் எரியும் டீசலும் குறையும். தங்கும் வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசவும் முடியும்.

லடாக் போகத் திட்டமிடும் பிள்ளைகள் என்னிடம் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். முதல் இரண்டு நாளுக்கு நேரே எதையும் எழுதாதீர்கள். அந்த நாட்களுக்கு இடம் வேண்டுமென்றால் கீழே இரண்டு ஊரை அடியுங்கள். எதை அடிப்பது என்று குழப்பமாக இருந்தால், மற்றவர்கள் போனார்கள் என்பதற்காக மட்டுமே எழுதியது எதுவோ அதை அடியுங்கள். வீடு, வேலை, கல்யாணம், முதுமை என்று வாழ்க்கைக்குப் போட்டுவைத்திருக்கும் நீளமான பட்டியலிலும் அடிக்கத் தக்கவை அந்த வகையில்தான் அதிகம் கிடைக்கும்.